சஃபாரி வண்டியில் அமர்ந்து விலங்கு பார்ப்பது எப்படி: ஒரு வழிகாட்டியின் குறிப்புகள்

தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவை ஒட்டி, அதன் மேற்குப் பக்கத்தில் தனியார் காப்புக்காடுகள் பல இருக்கின்றன. பூங்காவுக்கும் சாபி சாண்ட் காப்புக்காட்டுக்கும் நடுவே இருந்த வேலியை 1993-இல் எடுத்துவிட்டார்கள். விலங்குகளைப் பொறுத்தவரை இன்று எல்லாம் ஒரே காடு. இந்தப் பக்கத்து விடுதி ஒன்றில் நான் வழிகாட்டியாக வேலை செய்கிறேன். விடிகிற நேரத்தில் ஒரு சவாரி, வெயில் தாழ்ந்ததும் ஒரு சவாரி, ஒவ்வொன்றும் மூன்று மணி நேரத்துக்குக் குறையாது.

வருகிற விருந்தினர்கள் நிறையச் செலவழித்து, நெடுந்தூரம் பறந்து வருகிறார்கள். அவர்களில் பலர் எல்லா விலங்குகளையும் கண்டுவிட்டு, எதையும் பார்க்காமல் திரும்பிப் போவது எனக்கு வருத்தமாக இருக்கும். சிங்கம் ஆயிற்று, யானை ஆயிற்று, அடுத்தது என்ன என்று கேட்டுக்கொண்டே மூன்று நாளும் ஓடிவிடும். 'பெரிய ஐந்து' என்று எல்லோரும் சொல்லும் சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், எருமை என்ற பட்டியல் அந்தக் காலத்து வேட்டைக்காரர்கள் போட்டது. நடந்து போய்ச் சுடுவதற்கு எவை மிகவும் ஆபத்தானவை என்பதுதான் அவர்களுடைய கணக்கு. பார்க்க வருகிறவருக்கு அந்தக் கணக்கு எதற்கு? ஒரு காலைப் பொழுதில் ஐந்து விலங்குகளை ஐந்தைந்து நிமிடம் பார்ப்பதைவிட, ஒன்றின் முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருங்கள். கீழே நான் சொல்லப்போவது எல்லாம் அந்த ஒரு மணி நேரத்தை எப்படிச் செலவிடுவது என்பதைப் பற்றித்தான்.

எப்போது வருவது, என்ன கொண்டுவருவது

மே முதல் செப்டம்பர் வரை இங்கே வறண்ட காலம். புல் தாழ்ந்திருக்கும், இலைகள் உதிர்ந்திருக்கும், தண்ணீர் சில குட்டைகளில் மட்டுமே மிஞ்சியிருக்கும். விலங்குகள் அங்கே வந்துதான் ஆக வேண்டும் என்பதால் முதல்முறை வருகிறவர்களுக்கு இதுதான் வசதி. ஆனால் ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்துக்கொண்டு அரைக்கைச் சட்டையோடு வந்துவிடாதீர்கள். ஜூன், ஜூலை மாத விடியற்காலையில் பத்து டிகிரிக்கும் கீழே போகும். நாலாபுறமும் திறந்த வண்டி ஓடும்போது காற்று எலும்பைத் துளைக்கும். காதை மூடும் தொப்பி, கையுறை, தடித்த மேற்சட்டை மூன்றும் வேண்டும்.

நவம்பரில் மழை பிடித்ததும் காடு வேறு முகம் காட்டும். இம்பாலா மான்கள் ஏறத்தாழ ஒரே காலத்தில் குட்டி போடும். வலசைப் பறவைகள் வந்து சேரும். எனக்குப் பிடித்த காலம் இதுதான், ஆனால் புல் உயர்ந்துவிடுவதால் தேடுவது கடினம். எந்தக் காலமானாலும் இது மலேரியா உள்ள பகுதி. புறப்படுவதற்கு முன் மருத்துவரைப் பாருங்கள், மாலையில் முழுக்கைச் சட்டை போடுங்கள்.

கேமராவைவிட முக்கியம் பைனாகுலர். 8x42 அளவு, அதாவது எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர் உள்ள அளவு, எல்லோர் கைக்கும் சரியாக இருக்கும். குடும்பத்துக்கு ஒன்று என்று கொண்டுவருகிறார்கள். அது போதாது, ஆளுக்கு ஒன்று வேண்டும். சிறுத்தை புதருக்குள் நுழையும் அந்த நாலு நொடியில் யாரும் யாருக்கும் பைனாகுலரைக் கைமாற்ற மாட்டார்கள்.

வண்டிக்குள் நடந்துகொள்வது

முன்பக்கம், பானெட்டின் இடது மூலையில் தனியாக ஓர் இருக்கை இருக்கும். அதில் உட்காருபவர் டிராக்கர், அதாவது தடம் பார்த்து விலங்கைத் தேடுபவர். என்னோடு வேலை செய்பவர் ஷாங்கான் இனத்தைச் சேர்ந்தவர், இந்த மண்ணிலேயே வளர்ந்தவர். தடம் பார்ப்பதில் நான் கற்றதில் பெரும்பகுதி அவரிடம் கற்றது. அவர் கையை உயர்த்தினால் பேச்சை நிறுத்துங்கள். அவர் எதையோ கேட்டிருக்கிறார்.

பின் வரிசை உயரமாக இருக்கும், காட்சி நன்றாகத் தெரியும், ஆனால் தூக்கித் தூக்கிப் போடும். முதுகுவலிக்காரர்கள் முன் வரிசையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மற்றவர்கள் சவாரிக்குச் சவாரி இடம் மாறி உட்கார்ந்தால் எல்லோருக்கும் நியாயமாக இருக்கும்.

எழுந்து நிற்கக் கூடாது என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வண்டியும் அதில் உட்கார்ந்திருக்கும் ஆட்களும் சேர்ந்து சிங்கத்துக்கு ஒரே பெரிய உருவமாகத் தெரிகிறது. அந்த உருவம் தன்னைத் துரத்தாது, தனக்கு இரையும் ஆகாது என்று அது குட்டியிலிருந்தே பழகியிருக்கிறது. ஒருவர் எழுந்து நின்றாலோ, காலை வெளியே தொங்கவிட்டாலோ அந்த உருவம் உடைந்து, அதற்குள் ஒரு மனித உடம்பு தனியாகத் தெரிந்துவிடுகிறது. அதுவரை கண்ணை மூடிக் கிடந்த சிங்கம் தலையைத் தூக்கி நேராகப் பார்க்கும். அப்படி ஒருமுறை பார்க்கப்பட்டவர்கள் அதன்பிறகு சவாரி முடியும்வரை அசைவதில்லை.

தாழ்ந்த குரலில் பேசலாம், கேள்வி கேட்கலாம். திடீரென்று எழும் கீச்சுக்குரலும் வண்டியின் கதவைத் தட்டுவதும்தான் விலங்குகளைத் தொந்தரவு செய்கின்றன. விலங்கு திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதற்காக விசிலடிப்பது, கைதட்டுவது கூடவே கூடாது. அவசரமாகச் சிறுநீர் கழிக்க வேண்டியிருந்தால் வெட்கப்படாமல் முன்னதாகவே சொல்லுங்கள். நான் நல்ல இடம் பார்த்து நிறுத்தி, புதரைச் சுற்றிவந்து சோதித்த பிறகுதான் உங்களை இறக்குவேன். சிறுத்தையின் முன்னால் வண்டி நிற்கும்போது சொன்னால் என்னால் எதுவும் செய்ய முடியாது.

தேடுவதில் பங்கு கொள்ளுங்கள்

விலங்கைக் கண்டுபிடிப்பது வழிகாட்டியின் வேலை, பார்ப்பது நம் வேலை என்று உட்கார்ந்திருப்பவர்கள் சவாரியின் பாதிச் சுவையை இழக்கிறார்கள். வண்டியில் எட்டு ஜோடிக் கண்கள் இருக்கின்றன. எனக்கு அத்தனையும் வேண்டும்.

முதலில் தடம். காலைச் சவாரியில் மண்பாதையைத்தான் நாங்கள் படித்துக்கொண்டே போகிறோம். பூனைக் குடும்பத்தின் தடத்தில் நகம் பதியாது, ஏனென்றால் நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். பாதத்தின் பின்விளிம்பில் மூன்று புடைப்புகள் தெளிவாக இருக்கும். கழுதைப்புலியின் தடத்திலும் காட்டுநாயின் தடத்திலும் நகமுனை தெரியும். சிவிங்கிப்புலி (சீட்டா) மட்டும் பூனைக் குடும்பத்தில் விதிவிலக்கு, அதன் நகம் பதியும். யானையின் முன்னங்கால் வட்டமாகவும் பின்னங்கால் நீண்டும் பதியும்.

யாருடைய தடம் என்பதைவிட எப்போது பதிந்தது என்பது பெரிய கேள்வி. ஒரு காலை டிராக்கர் பாதையில் இறங்கிக் குந்தி உட்கார்ந்து, ஆண்சிங்கம் ஒன்றின் தடத்தை விருந்தினர்களுக்குக் காட்டினார். உள்ளங்கையை விரித்து வைத்தாலும் மூடாத அளவு. அதன் ஒரு விளிம்பு கூர்மையாக நின்றது, மறு விளிம்பில் மணல் சற்றே சரிந்திருந்தது. நடுவே தையல் போட்டது மாதிரி மெல்லிய ஒரு கோடு குறுக்கே போனது. அது இரவில் நடமாடும் வண்டு ஒன்றின் தடம். ஆகவே சிங்கம் போன பிறகு வண்டு போயிருக்கிறது, அதாவது இரவு முடிவதற்கு வெகு முன்பே சிங்கம் இந்த இடத்தைக் கடந்துவிட்டது. இருபது அடி தள்ளி மரத்தடியில் இருந்த தடத்தில் சின்னச் சின்னக் குழிகள் விழுந்திருந்தன. இலையிலிருந்து சொட்டிய பனித்துளி. அதுவும் அதையே சொன்னது. தடத்தைத் தொடர்ந்து போவதில் பயனில்லை என்று அவர் முடிவுசெய்து, எழுந்து, கிழக்கே இருந்த ஓடையைக் கை காட்டினார். தண்ணீர் இருக்கும் பக்கம் அது போகும் என்பது அவர் கணிப்பு. அங்கே போனபோது ஓடை மணலில் அதே தடம் இருந்தது. வண்டுக் கோடு எதுவும் குறுக்கே இல்லை. இந்த மாதிரி ஒரு தேடலில் கூட இருந்துவிட்டு அதன் முடிவில் சிங்கத்தைப் பார்ப்பதும், ரேடியோவில் இடம் கேட்டு நேராகப் போய்ப் பார்ப்பதும் ஒன்றாகாது.

அடுத்தது காது. ஊனுண்ணி நடமாடினால் மற்ற விலங்குகள் ஊரைக் கூட்டும். இம்பாலா மூக்கால் பலமாகச் சீறும், குடு மான் உரக்கக் குரைக்கும், வெர்வெட் குரங்கு மரத்தில் ஏறி விடாமல் சலசலக்கும், அணில்கூட வாலை ஆட்டி ஆட்டிக் கத்தும். இவற்றில் குடுவின் குரைப்பை நான் பெரிதும் நம்புகிறேன். அது வீணாகக் கத்துவது அபூர்வம். கினிக்கோழியின் கூச்சலை நம்பி ஓடினால் நாள் முழுக்க ஓட வேண்டியிருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் இம்பாலா கிடாக்கள் இணைக்காக மோதும் காலம். அப்போது அவை உறுமுவதையும் சீறுவதையும் கேட்டு, சிங்கமே வந்துவிட்டது என்று புதியவர்கள் பதறுவார்கள்.

குரல் கேட்டதும் கத்தும் விலங்கைப் பார்க்காதீர்கள். அது பார்க்கும் திசையைப் பாருங்கள். மந்தையில் எல்லா முகங்களும் ஒரே பக்கம் திரும்பியிருந்தால் விடை அங்கே இருக்கிறது. ஒட்டகச்சிவிங்கி இன்னும் உதவியானது. அந்த உயரத்திலிருந்து எல்லாம் தெரியும். மேய்வதை நிறுத்திவிட்டு ஒரே இடத்தை வெறித்துக்கொண்டு நின்றால் நான் வண்டியைத் திருப்பிவிடுவேன். வானத்தையும் கவனியுங்கள். வட்டமிடும் பிணந்தின்னிக் கழுகுகள் வெறுமனே வெப்பக்காற்றில் ஏறிக்கொண்டிருக்கலாம். இறக்கையை மடக்கிக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாகக் கீழே இறங்கினால்தான் அங்கே இரை கிடக்கிறது.

பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற ஓர் அம்மா தம் மகன் குடும்பத்தோடு வந்திருந்தார். மருலா மரம் ஒன்றின் கிளையில், சிறுத்தை ஏற்றிவைத்துப் பாதி தின்ற இம்பாலா தொங்கிக்கொண்டிருந்தது. சிறுத்தையைக் காணோம். மற்றவர்கள் போகலாம் என்றார்கள். அந்த அம்மா மட்டும், "தம்பி, சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு அது எவ்வளவு தூரம் போயிருக்கும்?" என்று கேட்டார். கிளையில் இன்னும் நல்ல இறைச்சி மிச்சமிருந்தது. கழுதைப்புலியின் தடமும் மரத்தடியில் இருந்தது. அந்த இரண்டையும் அவர் தாமாகவே கவனித்திருந்தார். நான் இன்ஜினை அணைத்தேன். வெகு நேரம் கழித்து, நாங்கள் அதுவரை பார்த்துக்கொண்டே இருந்த புல்திட்டிலிருந்துதான் பெண்சிறுத்தை எழுந்தது. அவ்வளவு நேரமும் அது அங்கேதான் படுத்திருந்தது.

விலங்கு கிடைத்த பிறகு

யானையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் என்னைக் கேட்டால் நீண்ட நேரம் பார்க்க அதற்கு நிகர் எதுவும் இல்லை. ஆப்பிரிக்க யானையில் பெண்ணுக்கும் தந்தம் உண்டு, ஆகவே தந்தத்தை வைத்து ஆண், பெண் என்று சொல்லிவிடாதீர்கள். பக்கவாட்டில் நெற்றியைப் பாருங்கள். பெண்ணுக்குக் கோணமாக மடிந்திருக்கும், ஆணுக்கு உருண்டு வளைந்திருக்கும். கூட்டத்தை நடத்துவது மூத்த பெண். அவள் எந்தப் பக்கம் திரும்புகிறாள் என்று கவனித்தால் அடுத்த பத்து நிமிடத்தில் கூட்டம் எங்கே இருக்கும் என்று நீங்களே சொல்லிவிடலாம்.

கன்னத்தில் நீர் வழிந்தால் நம்மவர்கள் உடனே மதம் பிடித்துவிட்டது என்று பயப்படுகிறார்கள். இங்கே பெண் யானைக்கும் குட்டிக்கும்கூடக் கன்னத்தில் நீர் வழியும். கூட்டம் ஒன்றோடொன்று சந்தித்துப் பரபரப்படைந்தாலே வழியும். ஆண்யானைக்குக் கன்னத்தில் வழிவதோடு பின்னங்கால்களின் உட்புறமும் சிறுநீர் விடாமல் சொட்டி நனைந்து, கடுமையான வாடை அடித்தால் அதுதான் மதம். அப்போது நான் தள்ளியே நிற்பேன்.

காதை அகல விரித்து, தலையை உயர்த்தி, பிளிறிக்கொண்டு நாலு அடி ஓடிவந்து நின்றால் அது பெரும்பாலும் எச்சரிக்கை. சத்தமில்லாமல், தலையைத் தாழ்த்தி, துதிக்கையைச் சுருட்டிக்கொண்டு வருவது வேறு விஷயம். இரண்டையும் கணித்து வண்டியை எடுப்பதா வேண்டாமா என்று முடிவுசெய்வது என் வேலை. உங்கள் வேலை அந்த நேரத்தில் கத்தாமல் இருப்பது. இந்த நிலைக்கு வருவதற்கு வெகு முன்பே யானை சொல்லத் தொடங்கிவிடும்: தலையை ஒரு உதறு உதறும், காலால் மண்ணைக் கிளப்பும், புல்லைப் பிடுங்கித் தின்னாமல் கையில் வைத்துக்கொண்டே நிற்கும். இந்தச் சிறிய அறிகுறிகளைப் படிக்கக் கற்றுக்கொண்ட விருந்தினர்கள், "கொஞ்சம் பின்னால் போகலாமா?" என்று எனக்கு முன்பே கேட்டிருக்கிறார்கள். அதைக் கேட்கும்போது எனக்கு ஏற்படும் மகிழ்ச்சிக்கு அளவில்லை.

குட்டை ஓரத்தில் கூட்டம் தண்ணீர் குடிக்கும்போது மிகச் சிறிய குட்டியைத் தேடிப் பாருங்கள். பிறந்து சில மாதம்வரை அதற்குத் துதிக்கையை ஆளத் தெரியாது. நான் கடைசியாகப் பார்த்த ஒன்று துதிக்கையைத் தண்ணீரில் விட்டு எடுத்தது, ஒன்றும் வரவில்லை. தன் துதிக்கையைத் தானே மிதித்தது. பிறகு முன்னங்கால்களை மடக்கி மண்டியிட்டு, வாயை நேராகத் தண்ணீரில் வைத்துக் குடித்தது. அக்காக்காரி ஒருத்தி பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, அது வழுக்கி விழாதபடி தன் காலால் அணைத்துப் பிடித்திருந்தாள். வண்டியில் ஒருவரும் அடுத்தது என்ன என்று கேட்கவில்லை.

சிங்கம் ஒரு நாளில் இருபது மணி நேரம்வரை படுத்தே கிடக்கும். ஆகவே நீங்கள் பார்க்கும்போது தூங்கிக்கொண்டிருக்கத்தான் வாய்ப்பு அதிகம். மாலை மங்கும் நேரத்தில் கண்டால் போகாதீர்கள், காத்திருங்கள். கொட்டாவி விடுவதுதான் முதல் அடையாளம். ஒன்று விடும், பிறகு இன்னொன்று விடும். எழுந்து உடம்பை நீட்டும், ஒன்றையொன்று நக்கித் தலையால் உரசும், ஓரமாகப் போய்ச் சாணமிடும். இத்தனையும் நடந்தால் கூட்டம் கிளம்பப் போகிறது. அருகில் நின்று அதன் கர்ச்சனையைக் கேட்டால் இருக்கையின் இரும்பு அதிர்வது உடம்பில் தெரியும். அமைதியான இரவில் அந்த ஒலி எட்டுக் கிலோமீட்டர்வரை போகும்.

சிறுத்தையையும் சிவிங்கிப்புலியையும் குழப்பிக்கொள்கிறவர்கள் பலர். சிறுத்தைக்குப் புள்ளிகள் கொத்துக் கொத்தாகச் சேர்ந்து வளையமாக இருக்கும். சிவிங்கிப்புலிக்குத் தனித்தனியான கரும்புள்ளிகள், கண்ணின் உள்மூலையிலிருந்து வாயோரம்வரை கறுப்புக் கோடு, ஓடுவதற்கென்றே அமைந்த மெலிந்த இடை. ரம்பத்தால் மரம் அறுப்பது மாதிரி இரவில் முன்னும் பின்னும் இழுக்கும் ஓசை கேட்டால் அது சிறுத்தையின் குரல். அது நடக்கும்போது வாலைக் கவனியுங்கள். வாலை மேலே வளைத்து அடிப்பக்கத்து வெள்ளையைக் காட்டிக்கொண்டு போனால் வேட்டையில் அதற்கு நாட்டம் இல்லை. வால் தாழ்ந்து, உடம்பு தரையோடு ஒட்டி, ஒவ்வொரு காலாக வைத்தால் நீங்களும் மூச்சை அடக்கிக்கொள்ளுங்கள். அப்போது நான் வண்டியை நகர்த்த மாட்டேன். இன்ஜின் சத்தம் இரையின் காதை மறைத்துவிடலாம், அல்லது இரையை எச்சரித்துவிடலாம். இரண்டில் எதுவும் நம்மால் நடக்கக் கூடாது.

காட்டுநாய்களைப் பார்க்கக் கிடைத்தால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். ஆப்பிரிக்கா முழுவதிலும் சில ஆயிரம்தான் மிஞ்சியிருக்கின்றன. வேட்டைக்குக் கிளம்புமுன் அவை கூடி, ஒன்றையொன்று உரசி, தும்மும். போட்ஸ்வானாவில் இதை ஆராய்ந்து 2017-இல் வெளியிட்டார்கள்: தும்மல் கூடக் கூடக் கூட்டம் கிளம்பும் வாய்ப்பும் கூடுகிறது. முக்கியமான நாய் தொடங்கிவைத்தால் சில தும்மல் போதும், சாதாரண நாய் தொடங்கினால் அதிகம் வேண்டும். கிளம்பிய பிறகு அவற்றைத் தொடர்ந்து போவது கடினம். ஆகவே தும்மும்போதே கேமராவை மூடிவைத்துக் கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்தில் ஓரிடத்தில் இரண்டு மூன்று வண்டிகளுக்கு மேல் நிற்கக் கூடாது என்று விதி. மற்றவர்கள் தள்ளி வரிசையில் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் நேரத்தில் எரிச்சல்படாமல் பறவைகளைப் பாருங்கள்.

இருட்டிய பின்

சூரியன் மறைந்ததும் டிராக்கர் விளக்கை எடுத்துப் பக்கவாட்டில் வீசிக்கொண்டே வருவார். வெளிச்சம் பட்டுக் கண்கள் மின்னுவதை வைத்துத்தான் தேடல். மான்கள்மேலும் யானைகள்மேலும் விளக்கைக் காட்டமாட்டோம். கண் கூசி இருட்டில் தடுமாறும் மானைச் சிறுத்தை எளிதாகப் பிடித்துவிடும், அது நம்மால் செத்த மாதிரி. வேட்டையாடும் விலங்குகளின் அருகே சிவப்பு வடிகட்டி போட்ட வெளிச்சம் போதும். உங்கள் கைபேசி விளக்கை அணைத்து வையுங்கள்.

இரவில் சிறியவற்றைக் கேளுங்கள். கிளைநுனியில் வெளிறிப்போய்த் தூங்கும் பச்சோந்தியை ஓடும் வண்டியிலிருந்தே டிராக்கர் கண்டுபிடிப்பார். நான் இன்றும் வியந்துபோகிறேன். நிலவில்லாத இரவில் எல்லா விளக்கையும் அணைக்கச் சொல்லுங்கள். பால்வீதி இந்தக் கண்டத்தில் தெரிகிற மாதிரி தெரிந்து நான் வேறெங்கும் பார்த்ததில்லை. யானை லத்தியை உருண்டையாக்கி உருட்டிச் செல்லும் சாண வண்டுகளில் ஒரு வகை, நேர்க்கோட்டில் போவதற்கு இந்தப் பால்வீதியின் ஒளிப்பட்டையைத்தான் பயன்படுத்துகிறது. தென்னாப்பிரிக்காவிலேயே நடந்த சோதனையில் இதைக் கண்டறிந்து 2013-இல் வெளியிட்டார்கள். பாதையில் கிடக்கும் லத்தியின்மேல் ஏற்றாமல் நான் வண்டியை ஒடித்துப் போவது இந்த வண்டுகளுக்காகத்தான்.

காண்டாமிருகமும் கேமராவும்

வெள்ளைக் காண்டாமிருகத்துக்கு வாய் அகலமாகச் சதுரமாக இருக்கும், புல் மேயும், குட்டி தாய்க்கு முன்னால் ஓடும். கறுப்புக்கு மேலுதடு கூராக வளைந்திருக்கும், புதரில் இலை தின்னும், குட்டி பின்னால் ஓடும். நிறத்தைப் பார்க்காதீர்கள், இரண்டுமே சாம்பல்தான்.

கொம்பு வெட்டப்பட்ட காண்டாமிருகத்தைப் பார்த்துச் சிலர் ஏமாந்துபோகிறார்கள். அதை வெட்டியவர்கள் காப்பாளர்களே. மயக்க ஊசி போட்டு, உயிருள்ள திசுவைத் தொடாமல் வெட்டுகிறார்கள். நகம் போன்ற பொருள்தான் அது, மறுபடி வளரும். வேட்டைக் கும்பலுக்கு அங்கே எடுக்க ஒன்றும் இல்லாமல் செய்வதே நோக்கம். இதில் உங்களுக்கும் ஒரு கடமை இருக்கிறது. காண்டாமிருகத்தின் படத்தை எடுக்குமுன் கைபேசியில் இடக்குறிப்பை நிறுத்திவிடுங்கள். எந்தக் காப்புக்காடு, எந்தக் குட்டை, எந்த நாள் என்று எங்கும் எழுதாதீர்கள். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

படம் எடுப்பதைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்கிறேன். முதல் ஐந்து நிமிடம் ஆசை தீர எடுங்கள். பிறகு கேமராவை மடியில் வைத்துவிட்டுக் கண்ணால் பாருங்கள்.

குழந்தைகள், நடைப்பயணம், சொந்த வண்டி

ஆறு வயதுக்குக் கீழான குழந்தைகளைப் பொதுச் சவாரியில் பல விடுதிகள் ஏற்றுவதில்லை; முன்பதிவு செய்யும்போதே கேளுங்கள். வரும் பிள்ளைகளிடம் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் கொடுத்துத் தடம் வரையச் சொன்னால் பெரியவர்களைவிடக் கூர்மையாகப் பார்க்கிறார்கள்.

காலைநேர நடைக்கு அழைத்தால் கட்டாயம் போங்கள். துப்பாக்கி வைத்திருப்பவர் முன்னே, மற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராக, பேச்சில்லாமல். எது எதிரே வந்தாலும் ஓடக் கூடாது. நிற்கச் சொன்னால் நிற்க வேண்டும், பின்வாங்கச் சொன்னால் மெல்லப் பின்வாங்க வேண்டும்.

விடுதிச் செலவு தாங்காது என்றால் க்ரூகர் பூங்காவுக்குள் நீங்களே கார் ஓட்டிப் போகலாம். தார்ச்சாலையில் மணிக்கு 50, மண்பாதையில் 40 கிலோமீட்டர் என்பது உச்சவரம்பு. விலங்கு பார்க்க அதில் பாதி வேகம் போதும். அனுமதித்த இடங்களைத் தவிர வேறெங்கும் இறங்கக் கூடாது. வாயில்கள் திறக்கும், மூடும் நேரம் மாதத்துக்கு மாதம் மாறும், குறித்துக்கொள்ளுங்கள். பூங்காவின் ஸ்குகுசா முகாமிலிருந்து லோயர் சாபி முகாம்வரை ஆற்றை ஒட்டியே போகும் சாலையில் ஒரு நாளைக் கழியுங்கள். லோயர் சாபி அருகே உள்ள சன்செட் அணைக்கட்டில் இன்ஜினை அணைத்துவிட்டு உட்கார்ந்தால் நீர்யானை, முதலை, தண்ணீருக்கு வரும் மந்தைகள் எல்லாம் கண்முன்னே வரும். அலைந்து தேடுகிறவர்களைவிட அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் அதிகம் பார்க்கிறார்கள்.

கடைசி நாள் காலைச் சவாரியைப் பலர் பெட்டி கட்டுவதற்காக விட்டுவிடுகிறார்கள். முந்தின இரவே கட்டிவைத்துவிட்டு, விமானத்தைப் பகலுக்கு மேல் போட்டுக்கொள்ளுங்கள். அன்றைக்கு எங்கே போக வேண்டும் என்பதை நீங்கள் சொல்லுங்கள். இதற்குள் உங்களுக்கென்று ஒரு குட்டையோ ஒரு யானைக் கூட்டமோ பிடித்துப்போயிருக்கும், நான் அங்கேயே கூட்டிப்போகிறேன். விடைபெறும்போது அன்பளிப்பு கொடுப்பதாக இருந்தால் டிராக்கருக்குத் தனி உறையில் போட்டு, அவர் கையிலேயே கொடுங்கள். வரவேற்பறையில் வைத்திருக்கும் பொதுப்பெட்டி பெரும்பாலும் சமையலறை, அறைப் பணியாளர்களுக்கு உரியது. அதில் போட்டால் அவரைச் சேராது.